பலகை இருக்கட்டும், தரை யாருடையது?

கம்மாபுரம் பக்கத்துப் பிள்ளைகள் நான்கு பேர், விருத்தாசலத்தில் கல்லூரியில் படிக்கிறவர்கள், ஒரு குறும்படக் கதையை வாட்ஸ்அப்பில் அனுப்பி "அக்கா, படிச்சுட்டு மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார்கள். ஸ்கேட்போர்டு ஓட்டும் பெண்களைப் பற்றிய படம். காலனிப் பெண் ஒருத்தி செல்போனில் ஸ்கேட்போர்டு வீடியோ பார்க்கிறாள். ஆய்வுக்காகச் சென்னையிலிருந்து வரும் ஓர் அக்கா அவளுக்குப் பலகை வாங்கித் தருகிறார். அம்மா திட்டுகிறாள், பலகையை அடுப்பில் வைக்கப் போகிறாள். அப்பா குடித்துவிட்டு வருகிறார். கடைசியில் பாவாடை தாவணியோடு அவள் தெருவில் பாய்ந்து போகிறாள், ட்ரோன் மேலிருந்து பார்க்கிறது, இசை ஏறுகிறது, படம் முடிகிறது.

பதிலை அவர்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே கதையை ஒரு வருடம் கால்பந்து என்று படிக்கிறேன், இன்னொரு வருடம் குத்துச்சண்டை என்று படிக்கிறேன். பந்தும் கையுறையும் மாறுகின்றன. குடிகார அப்பாவும் அடுப்படி அம்மாவும் மட்டும் மாறுவதே இல்லை. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அந்தக் கதையில் என்னை நிறுத்தியது கடைசிப் பக்கம். படப்பிடிப்பு இடங்களின் பட்டியல் அது. வீடு, அடுப்படி, சண்டை எல்லாம் காலனியில். ஸ்கேட்டிங் காட்சிகள் அத்தனையும் நெய்வேலி டவுன்ஷிப்பில். ஏன் என்று கேட்டேன். "காலனியில போர்டு ஓடாதுக்கா, ரோடு சரியில்ல" என்றார்கள்.

தோழர்களே, உங்கள் படம் அங்கேதான் இருக்கிறது. அதைக் கதையில் வைக்காமல் லொக்கேஷன் பட்டியலில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

ஒரு சேரிப் பெண் தன் தெருவிலேயே ஓட்ட முடியாத பலகையைப் பல கிலோமீட்டர் தள்ளி வேறொரு ரோட்டில் ஓட்டவைத்து, இரண்டையும் எடிட்டிங்கில் ஒட்டி, "இதோ சுதந்திரம்" என்று காட்டப் போகிறீர்கள். பார்க்கிறவர் கைதட்டுவார். அந்த ரோடு அவளுடையது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். அந்த ரோடு எப்படி வந்தது என்பதும் வெட்டிலேயே காணாமல் போகும். மரம் வரிசைகட்டி நிற்கும் அந்த டவுன்ஷிப், கிராமங்களின் நிலத்தை எடுத்து உண்டான ஊர். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் இயந்திரத்தை இறக்கிக் கால்வாய் வெட்டியதை நாம் எல்லோரும் பார்த்தோம். நிலம் எடுத்தால் சொந்த நிலம் இருந்தவருக்கு இழப்பீடு என்ற பேச்சாவது வரும். அந்த நிலத்தில் கூலிக்கு நட்டவளுக்கு அந்தப் பேச்சும் வராது. ட்ரோன் ஷாட்டுக்குள் இவ்வளவும் கிடக்கிறது.

ஸ்கேட்போர்டு என்ற பொருளையே கொஞ்சம் பாருங்கள். அதன் சக்கரத்தின் விட்டம் ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின். சைக்கிள் சக்கரம் குழியில் இறங்கி ஏறிவிடும். இது ஒரு ஜல்லிக்கல்லில் மாட்டினால் பலகை நின்றுவிடும், ஆள் பறப்பார். 1960-களில் அமெரிக்காவில் இந்தச் சக்கரங்களைக் களிமண் கலவையில்தான் செய்தார்கள். பீங்கான் ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். அது வழுக்கும், சின்னக் கல் தட்டினாலும் நிற்கும். 1970-களின் தொடக்கத்தில் பாலியூரித்தேன் சக்கரம் வந்த பிறகுதான் விளையாட்டு பிழைத்தது. அப்புறம் 1976, 77-ல் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. பணக்கார வீடுகளின் நீச்சல்குளங்கள் காலியாகக் கிடந்தன. கடலோரத் தெருப் பிள்ளைகள் வேலி தாண்டிக் குதித்து அந்தக் குளங்களின் வளைந்த சுவரில் ஓட்டிப் பழகினார்கள். போலீஸ் வந்தால் ஓடினார்கள். இன்று ஒலிம்பிக்கில் நீங்கள் பார்க்கும் வளைந்த கான்கிரீட் கிண்ணம் அந்த அத்துமீறலிலிருந்து வந்தது. பலகை எங்கே போனாலும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: இந்த வழவழப்பான தரை யாருடையது, உன்னை உள்ளே விட்டது யார்?

கலிபோர்னியாவில் அந்தக் கேள்விக்கு விடை சொத்து. கம்மாபுரத்தில் விடை சாதி.

இந்தியாவில் இதைப் பற்றி வந்த படங்களை எடுத்துக்கொள்வோம். 2021 ஜூனில் நெட்பிளிக்ஸில் வந்த 'ஸ்கேட்டர் கேர்ள்', மஞ்சரி மகிஜானி இயக்கியது. உங்கள் கதைக்கு அதுதான் தாய் என்று சந்தேகிக்கிறேன். ராஜஸ்தான் கிராமத்துப் பெண், லண்டனிலிருந்து வரும் அக்கா, தடுக்கும் அப்பா. படத்தில் சாதி இல்லாமல் இல்லை, வந்து போகிறது. ஆனால் பிள்ளைகள் விளையாட நிலம் வேண்டும் என்ற கட்டம் வந்ததும் கதை என்ன செய்கிறது? மகாராணியிடம் போகிறது. வஹீதா ரஹ்மான் மகாராணியாக வந்து நிலம் தருகிறார். இந்தியக் கிராமத்தில் நிலம் யாரிடம் இருக்கிறது, எப்படி அவர்களிடம் போனது என்று கேட்டிருக்க வேண்டிய இடத்தில் ஓர் அரசியின் புன்னகை. படத்துக்காகக் கெம்பூரில் கட்டிய ஸ்கேட் பார்க்கைப் பிள்ளைகளுக்கே விட்டுவந்தார்கள் என்பது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் நிலம் தானமாக வரும் என்று கற்றுக்கொடுக்கும் கதையை நாம் ஏன் நகல் எடுக்க வேண்டும்? நம் தாத்தா பாட்டிகள் பஞ்சமி நிலத்தைக் கேட்டுக் கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடந்தவர்கள்.

படத்தைவிட மத்தியப் பிரதேசத்தின் ஜன்வார் எனக்கு முக்கியம். பன்னா மாவட்டத்தில் ஒரு கிராமம். கோண்ட் ஆதிவாசிகளும் யாதவர்களும் வாழும் ஊர். ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிக் ரைன்ஹார்ட் 2015-ல் அங்கே ஒரு கான்கிரீட் ஸ்கேட் பார்க் அமைத்தார். விதிகள் மிகக் கொஞ்சம்: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை கிடையாது, பெண் பிள்ளைகளுக்கு முதல் வாய்ப்பு. அங்கே பழகிய ஆஷா கோண்ட் 2018-ல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவுக்காக இறங்கினார். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து கட்டினார் என்பதில் எனக்கு உறுத்தல் உண்டு. ஆனால் ஒரே கான்கிரீட்டில் ஆதிவாசிப் பெண்ணும் யாதவப் பையனும் வரிசையில் நிற்க வேண்டும், அவள் முதலில் போவாள் என்றால், அந்த வரிசை ஊருக்குள் என்ன செய்திருக்கும்? அந்தப் பையன் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள்? பலகையில் அவள் குதிப்பதைவிட அந்த வரிசை எனக்கு ஆயிரம் மடங்கு சினிமா.

நம் ஊர்ப் படம் ஒன்று இருக்கிறது. மாமல்லபுரத்துக் கமலியைப் பற்றி சாஷா ரெயின்போ 2019-ல் எடுத்த 'கமலி'. வெறுங்காலோடு, கவுன் போட்டுக்கொண்டு பலகையில் சரிந்து இறங்கும் அந்தச் சிறுமியின் படத்தை டோனி ஹாக் பகிர்ந்த பிறகு உலகமே பார்த்தது. 2020-ல் பிரிட்டனின் பாஃப்டா குறும்படப் பிரிவுக்குப் பரிந்துரையானது. அதே பட்டியலில் காபூல் சிறுமிகள் ஸ்கேட்போர்டு கற்றுக்கொள்ளும் படமும் இருந்தது. அதுதான் பாஃப்டாவையும், பிறகு ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கரையும் வாங்கியது. மறு வருடம் ஆகஸ்டில் தாலிபான் காபூலுக்குள் வந்தது. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லாமல் போயிற்று. விருது அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

கமலி படத்தில் எனக்குப் பிடித்தது அம்மா. உங்கள் கதையில் இருப்பதுபோல் பலகையை அடுப்பில் வைக்கிறவர் அல்ல அவர். தன்னந்தனியாக உழைத்து, ஊர் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே மகளை ஓட விடுகிறவர். கமலி இப்போது அலைச்சறுக்கில் தேசிய அளவில் பரிசு வாங்குகிறார். அந்தப் பலகைக்குப் பின்னால் அந்த அம்மாவின் உழைப்பு இருக்கிறது. ஆனாலும் மாமல்லபுரத்தை அப்படியே கம்மாபுரத்துக்குத் தூக்கிவர முடியாது. அது வெளிநாட்டார் வந்துபோகும் ஊர், பலகை கொண்டுவந்து கொடுப்பவர் தெருவிலேயே நடப்பார். மீனவக் குப்பத்துக்குக் கடற்கரை என்ற பொதுநிலம் இருக்கிறது. அதைக் காப்பாற்ற அவர்களும் தினம் போராடுகிறார்கள், ஆனால் "இது எங்கள் கரை" என்று சொல்ல ஒரு கரை இருக்கிறது. நம் சேரிக்கு எதிரே இருப்பது வரப்பும், அதன் சொந்தக்காரரும்.

ரோடு நமக்கு விளையாட்டுக் காரியம் அல்ல. 1924-ல், இரட்டைமலை சீனிவாசனும் ஆர். வீரையனும் இருந்த சென்னை மாகாணச் சட்டமன்றத்தில், பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் ஒடுக்கப்பட்டோரைத் தடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட வேண்டியிருந்தது. அதே வருடம் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காகப் போராட்டம். அரசியலமைப்பின் 15-வது கூறில் கிணறு, குளத்தோடு சாலையையும் எழுதி வைத்தார்கள். அதுவும் போதாமல், 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தில், பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுத்தால் குற்றம், செருப்போ புது உடையோ அணிவதைத் தடுத்தால் குற்றம் என்று பெயர் சொல்லியே சேர்த்தார்கள். ஒரு நாட்டின் நாடாளுமன்றம் 21-ஆம் நூற்றாண்டில் உட்கார்ந்து "சைக்கிள்" என்று சட்டத்தில் எழுதுகிறது என்றால் வெளியே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று யோசியுங்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கையை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பம் புகார் கொடுத்தது. அந்தப் பட்டியலில் ஸ்கேட்போர்டு இல்லை. பரவாயில்லை, சாலை இருக்கிறது.

"அக்கா, எங்க படம் பெண் விடுதலையைப் பற்றியது, நீங்க சாதிக்குள்ள கொண்டுபோறீங்க" என்று உங்களில் ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது. பெண்ணைத் தெருவுக்கு விடாமல் வைத்திருப்பது எது என்று நினைக்கிறீர்கள்? அண்ணல் அம்பேத்கர் 1916-ல், 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையைப் படியுங்கள். அகமணம்தான் சாதியின் உயிர், அதைக் காப்பாற்றத்தான் சதியும் கட்டாய விதவைத்தனமும் குழந்தைத் திருமணமும் தேவைப்பட்டன என்கிறார். சாதி நிற்க வேண்டுமானால் பெண் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று கண்காணித்தே ஆகவேண்டும்.

இதற்குப் புத்தகம்கூட வேண்டாம், விருத்தாசலம் வட்டாரத்திலேயே இருக்கிறது. புதுக்கூரைப்பேட்டை. 2003 ஜூலை. வேதிப் பொறியியல் படித்த தலித் இளைஞர் முருகேசனையும், அவரைத் திருமணம் செய்துகொண்ட வன்னியப் பெண் கண்ணகியையும், ஊர் பார்த்துக்கொண்டிருக்க விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். 18 வருடம் கழித்து, 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கும் மற்றவர்களுக்கு ஆயுளும் கொடுத்தது. வழக்கைத் திரித்த போலீஸ் அதிகாரிகளும் தண்டிக்கப்பட்டார்கள். தூக்கு பிறகு ஆயுளானது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்தது. சேரிப் பிள்ளைக்கு ஊர்த்தெரு இல்லை என்பதை நாம் எப்போதும் பேசுகிறோம். ஊர்த்தெருவில் பிறந்த கண்ணகிக்கும் அந்தத் தெரு இல்லை. அவள் அந்தத் தெருவில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், திரும்பி அதே வீட்டுக்கு வரும்வரை. உங்கள் படத்தில் இரண்டு பெண்கள் இருக்கட்டும், ஒருத்தி காலனி, ஒருத்தி ஊர். ஒரே வகுப்பில் படிக்கிறவர்கள், ஒரே பலகை. எந்த இடத்தில் இருவரும் சேர்ந்து ஓட்ட முடியும்? அந்த இடத்தைத் தேடுவதே இருபது நிமிடப் படம்.

அம்மாவிடம் வருகிறேன், ஏனென்றால் எனக்குக் கோபம் அங்கேதான். உங்கள் அம்மாக்களில் எத்தனை பேர் பீங்கான் பட்டறைக்குப் போகிறவர்கள்? காலை பஸ்ஸைப் பிடித்து, அச்சில் வார்த்த அகல்விளக்கையும் பொம்மையையும் பியூஸ் கட்டையையும் எடுத்து, பிசிறு தட்டி, ஈரத்துணியால் வழவழப்பாக்கி அடுக்கும் வேலை. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகிறது. ஊர் உலகத்துக்கெல்லாம் வழவழப்பைத் தேய்த்துக் கொடுக்கிற கை அது, அவள் தெருவுக்கு மட்டும் வழவழப்பு வரவில்லை. மகள் கீழே விழுந்து கை உடைந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள்கூலி யாருடையது? ஊர்த்தெருவில் ஓட்டி ஒரு பையன் ஏதாவது சொல்லிவிட்டால் ராத்திரி வீட்டு வாசலில் வந்து நிற்கும் கூட்டத்துக்குப் பதில் சொல்வது யார்? அவள் "வேண்டாம்" என்று சொல்வதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை விட்டுவிட்டு அவளைப் பிற்போக்கு என்று காட்டினால், நீங்கள் ஆதிக்கச் சாதியைத் தப்பவிட்டு உங்கள் அம்மாவைப் பிடித்துக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

சக்கரத்தோடு பெண்கள் தெருவுக்கு வந்த கதை தமிழ்நாட்டில் புதிதும் அல்ல. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். கல் உடைக்கும் பெண்கள், கூலிப் பெண்கள், கிராமச் செவிலியர் எல்லோரும் ஆயிரக்கணக்கில் மைதானங்களுக்கு வந்து பழகினார்கள். பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே பலர் ஓட்டினார்கள், பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதால். கேலி இருந்தது, அசிங்கப் பேச்சு இருந்தது. ஆனால் கவனியுங்கள், சைக்கிள் தனியாக வரவில்லை. அதே மாவட்டத்தில் கல்குவாரிகளின் குத்தகை பெண்கள் குழுக்களுக்குக் கிடைத்தது. கூட்டமாகக் கற்றார்கள், வேலைக்கும் தண்ணீருக்கும் சந்தைக்கும் அதில் போனார்கள். வெளியூர் அக்கா ஒருத்திக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போன பரிசாக இருந்திருந்தால் அது துருப்பிடித்திருக்கும்.

கேமரா யார் கையில் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் 'கபர் லகரியா' பத்திரிகையைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் 2022-ல் ஆஸ்கர் இறுதிப் பட்டியலுக்குப் போனது. நாடே கொண்டாடியது. விழாவுக்குச் சில நாள் முன்பு அந்தப் பத்திரிகையே அறிக்கை விட்டது: படம் நெகிழவைக்கிறது, ஆனால் அதில் இருப்பது எங்கள் முழுக் கதை இல்லை, பாதிக் கதை முழுக்கதையைத் திரித்துவிடும் என்ற பொருளில். எழுதுவதையே தொழிலாகக் கொண்ட பெண்களுக்கே இந்த நிலை என்றால், பதினான்கு வயதுக் காலனிப் பிள்ளை உங்கள் எடிட்டிங் அறைக்கு வந்து "இது நான் இல்லை" என்று சொல்ல முடியுமா? முடியும்படி செய்யுங்கள். முதல் வெட்டை அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்ற காட்சியை எடுத்துவிடுங்கள், அது உங்களுடைய சிறந்த ஷாட்டாக இருந்தாலும். முகமும் ஊர்ப் பெயரும் திரையில் வரலாமா என்று எழுதி வாங்குங்கள். படம் யூடியூபில் ஏறிய பிறகு அந்த ஊரில் குடியிருக்கப் போவது அவர்கள்.

நீங்களும் காலனிப் பிள்ளைகள்தானே, வெளியிலிருந்து வந்தவர்களா என்று கேட்பீர்கள். காலனியில் பிறந்தாலும் கண்ணை நெட்பிளிக்ஸில் கழற்றி வைத்துவிட்டால் வெளியாள்தான்.

எங்கே தொடங்குவது என்றால், ஒரு பலகையை எடுத்துக்கொண்டு ஊராட்சி முழுக்க நடங்கள். ஓட்ட வேண்டாம், தரையில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். தார் ரோடு எந்த வீட்டோடு நிற்கிறது, சிமென்ட் எங்கே உடைந்து கம்பி தெரிகிறது, பேவர் பிளாக் இடைவெளியில் சக்கரம் எங்கே சிக்குகிறது. கேமராவைத் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் பிடியுங்கள். வழவழப்பான பெரிய தரை ஒன்று கிராமத்தில் இருக்கும், நெல் காயவைக்கும் உலர்களம். அரசுப் பணத்தில் போட்ட சிமென்ட். அறுப்பு முடிந்தால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். அங்கே இரண்டு பெண் பிள்ளைகளை நிற்கவைத்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். யார் முதலில் வந்து "யாரு வீட்டுப் புள்ள நீ" என்று கேட்கிறார்கள்? அந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். தனியாக விடாதீர்கள், பெரியவர்கள் நான்கு பேர் கூட இருக்கட்டும், அம்மாக்களைக் கேட்டுவிட்டுப் போங்கள். அரசு 2024-ல் ஊராட்சிகளுக்குக் கொடுத்த விளையாட்டு உபகரணங்கள் எந்த அறையில் பூட்டியிருக்கின்றன, சாவி யாரிடம் என்றும் அப்படியே கேட்டுவிடுங்கள்.

வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உலர்களத்தை அறுப்பு இல்லாத மாதங்களில் பெண் பிள்ளைகள் விளையாடத் திறந்துவிட வேண்டும், காலனித் தெருவுக்கு ஊர்த்தெருவின் அதே தரத்தில் ரோடு வேண்டும் என்று ஒரு மனு. எழுத நான் உதவுகிறேன். வாசிப்பது அந்த இரண்டு பெண்களாக இருக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுகிறார்களா, "அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்களா, எதுவானாலும் அதுதான் உங்கள் கடைசிக் காட்சி. பேட்டரி இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள். பதினொரு மணி என்று தண்டோரா போட்டால் பன்னிரண்டரைக்குத்தான் தொடங்குவார்கள்.